ரீச்சரைக் கேளுங்கள்: அம்மாவின் கேக் குறிப்பில் எழுதாதவை

பதில் தருபவர்: ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை, கொக்குவில்

கேள்வி: அம்மா காலமான பிறகு அவருடைய சமையல் கொப்பி என்னிடம் வந்து சேர்ந்தது. பட்டர் கேக் குறிப்பு இரண்டே வரிதான். "பட்டர் 1 இறாத்தல், சீனி 1 இறாத்தல், மா முக்கால் இறாத்தல், ரவை கால் இறாத்தல், முட்டை 10, வனிலா, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி. அடித்துச் சேர்த்து வேகவிடவும்." அப்படியே செய்கிறேன். நடுவில் பள்ளம் விழுகிறது, அடியில் களி மாதிரி இருக்கிறது. அம்மா எதையாவது எழுதாமல் விட்டுவிட்டாரா?
- ஒரு மகள், ஸ்காபரோ, கனடா

பதில்: விட்டிருக்கிறார், பிள்ளை. ஒளிப்பதற்காக அல்ல. அந்தக் கொப்பி அவர் தனக்காக எழுதியது. கைக்குப் பழகிய வேலையை யாரும் தமக்கென்று எழுதி வைப்பதில்லை. நான் படிப்பித்த காலத்தில் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த கொப்பிகள் எல்லாவற்றிலும் இதே நிலைமைதான். "அடித்துச் சேர்க்கவும்" என்ற இரண்டு சொல்லுக்குள் முக்கால்வாசி வேலையும் இருக்கும்.

முதலில் முட்டையைப் பாருங்கள். அம்மாவின் 10 முட்டை வளவில் மேய்ந்த ஊர்க்கோழியின் முட்டை. ஓட்டோடு நிறுத்தால் 40 கிராம் அளவில்தான் நிற்கும். கனடாவில் லார்ஜ் என்று விற்கிற முட்டை 56 கிராமுக்குக் குறையாது. அதில் பத்தை உடைத்து ஊற்றினால் ஊர் முட்டைக் கணக்கில் நான்கு கூடப் போய்விடுகிறது. அடியில் களி தங்குவது பெரும்பாலும் அதனால்தான். ஏழு முட்டை போதும். ஓட்டை நீக்கி நிறுத்தால் 350 கிராம் வரும்.

பட்டரில் உங்களுக்கு வசதி இருக்கிறது. அங்கே ஒரு கட்டி 454 கிராம். அது அப்படியே அம்மாவின் ஒரு இறாத்தல். ஆனால் யாழ்ப்பாணத்துக் குசினியில் பட்டர் மேசையில் வைத்தவுடனேயே இளகிவிடும். உங்கள் வீட்டில், அதுவும் மாரி காலத்தில், விரல் வைத்து அழுத்தினால் பள்ளம் விழுகிற பதம் வர மூன்று நான்கு மணித்தியாலம் எடுக்கலாம். அவசரத்துக்கு மைக்ரோவேவில் வைக்கவேண்டாம். உருகின பட்டர் காற்றைப் பிடிக்காது. கேக்கை எழுப்புவதில் பேக்கிங் பவுடருக்குப் பாதிப் பங்கென்றால், மற்றப் பாதி பட்டரும் சீனியும் சேர்த்து அடிக்கும்போது உள்ளே போகிற காற்றுக்கு. நிறம் மஞ்சளிலிருந்து வெளிறி, சீனியின் நறநறப்புக் குறையும் வரை அடியுங்கள். அம்மா சீனியைக் கிரைண்டரில் ஒரு சுற்று விட்டிருப்பார். எங்கள் கடைச் சீனி பருமன், அப்படித்தான் எல்லோரும் செய்வோம்.

ரவை அடுத்தது. அதைக் கடைசியில் மாவோடு கொட்டக்கூடாது. சாதுவாக வறுத்து, சூடு தணிந்ததும் பட்டரில் கொஞ்சம் எடுத்துப் பிசைந்து ஒரு மணித்தியாலமாவது ஊறவிட வேண்டும். ஊறாத ரவை ஓவனுக்குள் போன பிறகுதான் ஈரத்தை இழுக்கும். கேக் ஒரு பக்கம் வரண்டும் மற்றப் பக்கம் ஈரமாகவும் வரும். மா வாங்கும்போது கேக்குக்கென்று விற்கிற மாவையே வாங்குங்கள். கனடாவின் சாதாரண மா பாணுக்கு ஏற்ற, புரதம் கூடிய மா.

பத்தங்குலச் சதுரத் தட்டில் 160 பாகை செல்சியசில் வையுங்கள். முதல் 45 நிமிடம் கதவைத் திறக்கவேண்டாம். அதற்குமுன் திறந்தால் எழும்பின கலவை நடுவில் அமுங்கிவிடும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகத்தான் செய்யும். ஊரில் ஈர்க்குக் குத்திப் பார்ப்போம், உங்களுக்கு மெல்லிய மரக்குச்சி. ஈரமாக ஒன்றும் ஒட்டாமல் வந்தால் சரி. அப்புறம் இதையெல்லாம் அம்மாவின் அந்த இரண்டு வரிக்குக் கீழே, அதே கொப்பியில், உங்கள் கையெழுத்தில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: மகன் நோர்வேப் பிள்ளையைத்தான் கலியாணம் கட்டியிருக்கிறான். கிறிஸ்மசுக்குச் சம்பந்தி வீட்டுக்குப் போனால், அந்த அம்மா நீளப் பிடி போட்ட அச்சை மாவில் தோய்த்து எண்ணெய்க்குள் விடுகிறார். எங்கள் அச்சுப் பலகாரமேதான்! பொரித்த பிறகு ஐசிங் சீனி தூவுகிறார்கள். எனக்கும் ஓர் அச்சுத் தந்தார். அரிசி மாவில் செய்து பார்த்தேன், ஒட்டிக்கொண்டு கழரவே இல்லை. இது யாருடைய பலகாரம் ரீச்சர்? ஏன் எனக்கு மட்டும் ஒட்டுகிறது?
- ஒரு மாமி, ஒஸ்லோ

பதில்: உங்கள் கடிதத்தை வாசித்து எனக்கு உண்மையிலேயே சந்தோசம். நோர்வேயில் கிறிஸ்மசுக்கு ஏழு வகைப் பலகாரம் சுடுவது பழைய வழக்கம். அதில் ஒன்றாக இந்த ரொசெற்றும் பல வீடுகளில் இருக்கும். சுவீடனிலும் பின்லாந்திலும் செய்கிறார்கள். ஈரானில் செய்கிறார்கள், மெக்சிக்கோவில் செய்கிறார்கள், மலேசியாவில் செய்கிறார்கள். கேரளத்தில் அச்சப்பம். சிங்களச் சகோதரர்களின் சித்திரைப் புத்தாண்டு மேசையில் கொக்கிஸ் இல்லாமல் இராது. அதை ஒல்லாந்தரோடு சேர்த்துத்தான் பேசுவார்கள். 1658இல் அவர்கள் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் இங்கே இருந்தவர்கள்தானே. இது இத்தனை நாட்டுப் பெண்களுடைய பலகாரம். உங்கள் சம்பந்தியும் நீங்களும் அதில் இரண்டு பேர்.

இனி ஒட்டுகிற விசயம். புது அச்சென்றால் முதலில் அதை எண்ணெய்யில் போட்டுச் சிறு தீயில் அரை மணித்தியாலம் கிடக்கவிட்டு, அதிலேயே ஆறவிடுங்கள். அதற்குப் பிறகு சவர்க்காரம் காட்டவே கூடாது. கடதாசியால் துடைத்து வைத்தால் போதும்.

மாவில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சம்பந்தி செய்வது கோதுமை மா, முட்டை, பசுப்பால். கோதுமையில் பசைத்தன்மை உண்டு, தானாகப் பிடித்து நிற்கும். அரிசி மாவுக்கு அது இல்லை. அதற்கு முட்டைதான் பிடிமானம். பச்சை அரிசி மா 250 கிராம், முட்டை ஒன்று, கெட்டித் தேங்காய்ப்பால் ஒன்றரைக் கோப்பை, சீனி இரண்டு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. தேங்காய்ப்பாலை ஒரேயடியாக ஊற்றாமல் பார்த்துப் பார்த்து விடுங்கள். கரைத்து, அரித்து, அரை மணித்தியாலம் மூடி வையுங்கள். அங்கே ஆசியக் கடையில் வாங்கும்போது பசையரிசி மாவை மாறி எடுத்துவிடாதீர்கள். இரண்டு பொதியும் ஒரே மாதிரி இருக்கும்.

கடைசியாகக் கை. எண்ணெய் 180 பாகைக்கு வரும்போது அச்சும் எண்ணெய்க்குள்ளேயே இருந்து சூடேற வேண்டும். எடுத்து ஒருதரம் உதறி, மாக்கலவைக்குள் இறக்குங்கள். "சுர்" என்று மெல்லிய சத்தம் வரும். சத்தம் வராவிட்டால் அச்சுச் சூடு காணாது. மா பிடித்த உடனேயே நழுவி விழுந்தால் சூடு கூடிவிட்டது. முக்கியமானது இது: அச்சின் மேல் விளிம்புக்கு ஒரு நெல்லுப் பருமன் கீழேயே நிறுத்த வேண்டும். மா மேல்விளிம்பைத் தாண்டி ஏறினால் அச்சைப் பூட்டிவிடும், பிறகு எந்த அம்மனை நேர்ந்தாலும் கழராது. எண்ணெய்க்குள் விட்டதும் பத்து வரை எண்ணி, சாதுவாக ஆட்டிவிடுங்கள்.

அடுத்த கிறிஸ்மசுக்குச் சம்பந்தியின் மாவுக்குள் கொஞ்சம் ஏலப்பொடி போட்டுக் கொடுங்கள். தயங்கமாட்டார். நோர்வேக்காரர் பணிசுக்கே ஏலம் போடுகிறவர்கள்.

கேள்வி: மகனுடைய முதலாவது பிறந்தநாள் நல்லூர்க் கொடியேறின பிறகு வருகிறது. 25 நாளும் வீட்டில் மச்சம் இல்லை, முட்டையும் இல்லை. கடையில் முட்டையில்லாத கேக் என்று வாங்க மாமிக்கு நம்பிக்கை இல்லை. வீட்டிலேயே செய்யலாமா?
- ஓர் இளம் தாய், கோண்டாவில்

பதில்: தாராளமாகச் செய்யலாம். மா 250 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, மூன்றையும் இரண்டு தரம் அரியுங்கள். பட்டர் 115 கிராமையும் ஒரு ரின்பாலையும் நன்றாக அடியுங்கள். ரின்பாலில் சீனி இருக்கிறது, வேறு சீனி வேண்டாம். மாவையும் ஒரு கோப்பைக்குச் சற்றுக் குறைந்த வெறும் சோடாத் தண்ணீரையும் மாறி மாறிச் சேர்த்து, கடைசியில் ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி. புளி பட்டவுடன் அப்பச்சோடா நுரைக்கத் தொடங்கும், அதனால் ஓவன் முன்பே 180 பாகையில் தயாராக நிற்க வேண்டும். கலவையை வைத்துக்கொண்டு போன் பேசக்கூடாது. 35 முதல் 40 நிமிடம்.

மாமியின் மனதுக்காக இரண்டு விசயம். முட்டை அடித்த பீற்றர், தட்டு எல்லாம் தவிர்த்து, வேறு பாத்திரம் எடுங்கள். ஐசிங்கைப் பட்டரும் ஐசிங் சீனியுமாகச் செய்யுங்கள். கல்லு மாதிரி இறுகுகிற ரோயல் ஐசிங் முட்டை வெள்ளையில் செய்வது. மேலே வைக்கிற மென்மையான இனிப்புகளில் ஜெலற்றின் இருக்கும், அது மாட்டு, பன்றி எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. கடைக் கேக்கில் முட்டை இல்லாவிட்டாலும் இவை நுழைந்துவிடும். மாமியின் யோசனை நியாயமானதுதான்.

கேள்வி: கரண்டே இல்லாத காலத்தில் மணல் போட்ட கிடாரத்தில் கிறிஸ்மஸ் கேக் வேகவைத்தார்கள் என்று அம்மம்மா சொல்கிறார். உண்மையா? இப்போது செய்ய முடியுமா?
- க.பொ.த. உயர்தர மாணவன், சுன்னாகம்

பதில்: உண்மைதான், தம்பி. 1990இல் போர் திரும்பத் தொடங்கின பிறகு குடாநாட்டில் பல வருடம் மின்சாரம் இல்லை. எரிபொருள், பற்றரி, சவர்க்காரம் என்று எத்தனையோ சாமானுக்குத் தடை. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் விலை கேட்க முடியாது. ஜாம் போத்தலுக்குள் திரி வைத்து அந்த வெளிச்சத்தில் படித்த பிள்ளைகள்தான் இன்று உன் அம்மாவும் மாமாமாரும்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அன்ரி ஒரு மார்கழியும் கேக்கை விட்டதில்லை. பழங்கள் வராது, ஆகையால் பப்பாசிக்காயைச் சின்னச் சதுரமாக வெட்டிச் சீனிப்பாகில் காய்ச்சிச் சேர்த்தார். கஜு வாங்க வழியில்லை, கச்சானை வறுத்துத் தோல் ஊதி இரண்டாக உடைத்துப் போட்டார். சீனி போதாத இடத்துக்குப் பனங்கட்டி. நீற்றுப்பூசணியில் தோசி செய்வது மட்டும் ஊர்ச் சாமான், அது எந்தத் தடைக்கும் அகப்படவில்லை. அந்தக் கறுத்தக் கேக்கைச் சின்னச் சதுரமாக வெட்டி, கொப்பித் தாளில் சுற்றி, எங்கள் வீட்டுக்கும் அனுப்புவார். பொங்கலுக்கு நாங்கள் அதே தட்டில் பயத்தம் பணியாரம் வைத்துத் திருப்பி அனுப்புவோம். வெறும் தட்டுத் திருப்புகிற வழக்கம் எங்கள் ஒழுங்கையில் இல்லை. பிற்காலத்தில் எவ்வளவோ நல்ல கேக் சாப்பிட்டிருக்கிறேன். அந்தக் கச்சான் கேக்குக்கு ஈடாக எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

செய்முறை இது. கனமான கிடாரத்தின் அடியில் கழுவிக் காயவைத்த மணல் இரண்டங்குலம். மணல் அடுப்புச் சூட்டை வாங்கி வைத்திருந்து ஒரு சீராக விடும், அடி கருகாது. மணல் மேல் மூன்று ஓட்டுத்துண்டு, அதன்மேல் கேக் தட்டு. கிடாரத்தைத் தகரத்தால் மூடி, தகரத்தின் மேல் சிரட்டைத் தணல். கீழே கொஞ்சம், மேலே கூட. மேல் தணல் இல்லாவிட்டால் கேக் அவிந்த மாதிரி வெளிறிக் கிடக்கும். கலவையை வைக்கமுன் ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டை உள்ளே போட்டு மூடிப் பார். ஐந்து நிமிடத்தில் தேநீர் நிறம் வந்தால் சூடு சரி. கறுத்தால் தணலைக் குறை.

இப்போதும் செய்யலாம். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்து, காஸ் சிலிண்டருக்கு நீள வரிசை நின்றபோது பலர் விறகடுப்புக்குத் திரும்பினார்கள். ஆனால் முற்றத்தில் மட்டும் செய். அடைத்த அறைக்குள் தணல் வைத்தால் வருகிற காபனோரொட்சைட்டு மணமில்லாமல் ஆளைக் கொன்றுவிடும். இரசாயனவியல் படிக்கிற பிள்ளையென்றால் உனக்கு நான் விளக்கத் தேவையில்லை.

கேள்வி: அம்மாவுக்கு 84 வயது. அவருடைய பயத்தம் பணியாரம் போல எங்கள் பகுதியில் யாராலும் முடியாது. அளவு கேட்டால் "கண்மட்டம்தான்" என்கிறார். கை நடுங்கத் தொடங்கிவிட்டது. எப்படி எழுதி எடுப்பது?
- ஒரு மகன், பருத்தித்துறை

பதில்: இந்தக் கேள்விக்காகவே நான் இந்தப் பகுதியை எழுதுகிறேன் என்று சொல்லலாம். இடப்பெயர்வுகளில் வீடு போனது, கொப்பி போனது, ஆட்கள் ஆளுக்கொரு நாட்டுக்குப் போனார்கள். கையில் இருந்த பக்குவம் மட்டும்தான் கூடவே போனது. அது ஆளோடு போய்விடும். அது தெய்வ வரம் ஒன்றும் அல்ல. பக்கத்தில் நின்று கவனமாகப் பார்த்தால் பிடித்துவிடலாம்.

அம்மாவிடம் அளவு கேட்கவேண்டாம். கேட்டால் அவருக்குத் தெரியாது, வாயில் வந்ததைச் சொல்லுவார். ஒரு டிஜிற்றல் தராசு வாங்குங்கள். அவர் எடுக்கமுன் பயத்தம்மாப் பேணியை நிறுங்கள், எடுத்த பிறகு நிறுங்கள். வித்தியாசம்தான் அவருடைய கண்மட்டம். வறுத்த தேங்காய்ப்பூ, சர்க்கரை, ஏலம், மிளகு, சீரகம் எல்லாவற்றுக்கும் அப்படியே.

போனை அவருடைய முகத்துக்குப் பிடிக்காமல் கைக்குப் பிடியுங்கள். பயறு வறுக்கும்போது எப்போது இறக்குகிறார் என்று பாருங்கள். நிறத்தையா பார்க்கிறார், அல்லது வாசம் மாறுகிற நேரத்தையா? எங்கள் பெண்கள் பலர் வாசத்தில்தான் இறக்குவார்கள், கேட்டால் நிறம் என்பார்கள். சர்க்கரைப் பாகின் பதத்தை எப்படிச் சோதிக்கிறார்? தண்ணீரில் ஒரு சொட்டு விடுகிறாரா, விரல்களுக்கு நடுவே இழுக்கிறாரா? உருண்டையை எவ்வளவு சூட்டில் பிடிக்கிறார்? ஆறினால் உதிரும், அதனால்தான் அந்தக் காலத்தில் நான்கைந்து பேர் சுற்றியிருந்து உருட்டினார்கள். மேல்மா எவ்வளவு தண்ணி? உருண்டையைத் தோய்த்துத் தூக்கும்போது வால் எவ்வளவு நீளம் விழுகிறது என்று படம் எடுங்கள்.

அடுத்த முறை அம்மா கதிரையில் இருக்கட்டும், நீங்கள் செய்யுங்கள். பிழையான இடத்தில் அவர் சும்மா இருக்கமாட்டார், "டேய், தீயைக் குறை!" என்பார். எழுதிவைக்க வேண்டிய வரிகள் அவைதான். அக்காமார் இருந்தாலும் நீங்களே நில்லுங்கள். மகன் அடுப்படியில் நிற்பதைப் பார்க்க எந்த அம்மாவுக்கும் சந்தோசம்.

எழுதினதை மச்சாள்மாருக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள். பத்து வீட்டில் இருந்தால் ஒரு வீட்டிலாவது தப்பும்.

கேள்வி: நான் புத்தளத்தில் வளர்ந்தவள். எங்கள் உம்மம்மா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் இருந்த காலத்தில் பெருநாளைக்குப் பனங்கட்டியில் வட்டிலப்பம் செய்தாராம். இங்கே எல்லோரும் கித்துள் கருப்பட்டியில்தான் செய்கிறோம். பனங்கட்டியில் சரிவருமா?
- ஒரு பேத்தி, புத்தளம்

பதில்: வரும், மகள். 1990 ஒக்ரோபரில் உங்கள் ஆட்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற்றப்பட்டது இந்த ஊரின் ஆறாத காயம். பெருநாள் வட்டிலப்பம் வந்துகொண்டிருந்த எத்தனையோ வீடுகள் இங்கே இருந்தன. உங்கள் உம்மம்மாவின் உருசியை எழுதுவதை நான் என் கடமையாகவே நினைக்கிறேன்.

பனங்கட்டி கித்துளைவிடக் கொஞ்சம் உவர்ப்பு, நிறமும் கறுப்பு. ஓலைக் குட்டானில் வருவதை வாங்கினால் அடியில் மண்டி இருக்கும். 250 கிராமை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்து, சீலையில் வடித்து, நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு முட்டை சேர்த்தால் திரைந்துவிடும். ஐந்து முட்டையை நுரை எழுப்பாமல் கலக்கி, ஒரு கோப்பை முதற்பால், ஏலம், துளி சாதிக்காய் சேர்த்து, திரும்ப வடித்து, கிண்ணத்தை மூடி மெல்லிய ஆவியில் 40 நிமிடம் வையுங்கள். உப்புப் போடவேண்டாம், பனங்கட்டியிலேயே இருக்கிறது. தீ கூடினால் உள்ளே தேன்கூடு போலத் துளை விழும். சில வீடுகளில் அந்தத் துளைதான் வேண்டும் என்பார்கள். உம்மம்மாவின் வட்டிலப்பம் எப்படி இருந்தது என்று வீட்டில் மூத்தவர்களைக் கேட்டுவிட்டுத் தீயை வையுங்கள்.

கேள்வி: பால் ரொபி ஒருமுறை மணல் மாதிரி வருகிறது, மறுமுறை இறுகவே மாட்டேன் என்கிறது. ஏன்?
- ஒரு வாசகி, சாவகச்சேரி

பதில்: மணலாக வருவது சீனி முழுதாகக் கரையமுன் கொதிக்கவிடுவதால். ரின்பாலும் சீனியும் தண்ணீரும் சிறு தீயில் கரைந்து, கரண்டியில் நறநறப்பு இல்லாமல் போன பிறகுதான் தீயைக் கூட்டவேண்டும். சட்டி ஓரத்தில் ஒட்டுகிற சீனியை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். இறுகாதது நேரம் போதாததால். ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு விரலால் திரட்டினால் மென்மையான உருண்டையாக வரவேண்டும். அப்போது இறக்கி, பட்டரும் கஜுவும் போட்டுப் பளபளப்புக் குறையும்வரை கிண்டி, பட்டர் பூசின தட்டில் கொட்டுங்கள். இளஞ்சூட்டிலேயே கத்தியால் கோடு கிழித்துவிடுங்கள். ஆறின பிறகு வெட்டினால் உடையும்.